7 சுற்று, 13 திருப்பம்: ரோமானியத் தேர்ப் பந்தயம் எப்படி நடந்தது, எங்கே ஆளைக் கொன்றது

பண்டைய ரோமின் ஆபத்தான விளையாட்டு என்றதும் வாளும் கேடயமும் ஏந்திய கிளாடியேட்டர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ரோம் நகரத்துக் கூட்டத்தின் கணக்கு வேறு. கிளாடியேட்டர்கள் மோதிய கொலோசியத்தில் ஏறத்தாழ 50,000 பேர் உட்காரலாம். தேர்ப் பந்தயம் நடந்த சர்க்கஸ் மாக்சிமஸில், குறைத்து மதிப்பிடுபவர்களின் கணக்கிலேயே 1,50,000 பேர். அங்கே இருபதைச் சற்றே தாண்டிய வயதிலேயே செத்த சாரதிகளின் கல்லறைக் கல்வெட்டுகள் இன்றும் கிடைக்கின்றன.

கிளாடியேட்டர் சண்டைக்கு நடுவர் உண்டு, நிறுத்தச் சொல்லும் வழியும் உண்டு. தேர்ப் பந்தயத்தில் தேர்கள் புறப்படும் கூண்டுகளின் கதவு திறந்தபின், பாய்ந்துவரும் தேர்களை நிறுத்துவது எளிதல்ல. இந்தக் கட்டுரையில் அந்தப் பந்தயத்தைப் பகுதி பகுதியாகப் பார்ப்போம்: களம், தேர், குதிரை, வார், ஓட்டம். ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் ஆதாயத்துக்காக ஓர் ஆபத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டிருப்பதைக் காணலாம்.

களம்

பாலட்டைன், அவென்டைன் என்ற இரு குன்றுகளுக்கு இடைப்பட்ட நீண்ட பள்ளத்தாக்குதான் சர்க்கஸ் மாக்சிமஸ். கட்டடம் முழுதும் சுமார் 600 மீட்டர் நீளம். மணல் பரப்பிய களத்தின் நடுவே ஏறத்தாழ 340 மீட்டருக்கு ஒரு நீண்ட சுவர். அதன் மேல் சிலைகளும் சிறு கோயில்களும் நீர்த்தொட்டிகளும் நின்றன, கி.மு. 10 வாக்கில் பேரரசர் அகஸ்டஸ் எகிப்திலிருந்து கொண்டுவந்த ஒரு கல்தூணும் நின்றது. சுவரின் இரு முனைகளிலும் கொஞ்சம் தள்ளி, மும்மூன்று உயரமான கூம்புகள். தேர்கள் இந்தக் கூம்புகளைச் சுற்றித்தான் திரும்பவேண்டும். திருப்பம் எப்போதும் இடப்புறம், அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்.

சுவரை ஒருமுறை சுற்றினால் ஒரு சுற்று. மொத்தம் 7 சுற்று, 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 8 அல்லது 9 நிமிடத்தில் முடிந்துவிடும். சராசரி வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர் அளவில் வருகிறது. திருப்பங்களில் வேகம் குறைவதால் நேர்பாதையில் இதைவிட வெகு அதிகமாக ஓடியிருக்கவேண்டும்.

எத்தனை சுற்று முடிந்தது என்பதை இலட்சம் பேர் எப்படித் தெரிந்துகொள்வது? நடுச்சுவரில் பெரிய முட்டை வடிவங்களை வைத்து எண்ணினார்கள். கி.மு. 174இலேயே இந்த முட்டைகள் இருந்ததாகக் குறிப்பு உண்டு. கி.மு. 33இல் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா இவற்றோடு டால்ஃபின் உருவங்களையும் சேர்த்தார். சாரதிக்கும் இது முக்கியம்: புழுதியிலும் கூச்சலிலும் சுற்றைத் தவறாக எண்ணினால் கடைசி விரட்டை முன்னதாகவே தொடங்கிக் குதிரைகளைச் சோர்த்துவிடுவான்.

தேர்: ஆள் அதிகம், மரம் குறைவு

தேர் என்றதும் கோயில் தேரை மறந்துவிடுங்கள். சினிமாவில் வரும் உலோகத் தகடு பதித்த கனத்த போர்த்தேரையும், சக்கரத்தில் சுழலும் அரிவாளையும்கூட மறந்துவிடவேண்டும். பந்தயத் தேரில் அவை எதுவும் கிடையாது. ரேக்ளா வண்டி பார்த்தவர்களுக்கு இதன் தன்மை உடனே பிடிபடும்: ஓட்டுபவர் ஒட்டிக்கொள்ள ஓர் இடம், ஓர் அச்சு, இரண்டு சக்கரம், அவ்வளவுதான். மரச்சட்டம், அதன் முன்பக்கம் முழங்காலுக்குச் சற்று மேல் வரை தோலோ பிரம்போ வைத்த தடுப்பு, பின்பக்கம் திறப்பு. சக்கரங்கள் சிறியவை, 6 அல்லது 8 ஆரக்கால்கள். முழுத்தேரும் 25 முதல் 30 கிலோ எடை இருக்கலாம் என்பது மறுஆக்கம் செய்தவர்களின் கணிப்பு.

இந்த எடையைச் சாரதியின் எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 60 கிலோ ஆள் 30 கிலோ வண்டியின் மேல் நின்றுகொண்டு போகிறான். எடையில் பெரும்பங்கு மேலே இருப்பதால், திருப்பத்தில் வண்டி நிலைத்து நிற்பதும் கவிழ்வதும் அவன் உடம்பை எந்தப் பக்கம் சாய்க்கிறான் என்பதைப் பொறுத்தது. இடப்புறம் திரும்பும்போது இடப்புறமே சாயவேண்டும். அரை நொடி தாமதமானால் இடச்சக்கரம் தரையை விட்டுத் தூக்கும்.

திருப்பங்கள் எல்லாமே இடப்புறம் என்பதால் பாரமெல்லாம் வலச்சக்கரத்தின் மேல்தான் விழும். டைபர் ஆற்றில் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு சிறிய வெண்கலத் தேரை ஆராய்ந்தவர்கள், வலச்சக்கரத்தின் விளிம்பில் மட்டும் இரும்புப் பட்டா போடப்பட்டிருக்கலாம் என்று வாதிட்டார்கள். இடச்சக்கரத்துக்கும் பட்டா போட்டால் வீண் எடை. உண்மையில் இப்படித்தான் செய்தார்கள் என்றால், பட்டறைக்காரர்கள் கிலோ கணக்கில் அல்ல, நூறு கிராம் கணக்கில் யோசித்திருக்கிறார்கள்.

எடை குறையக் குறைய வேகம் கூடும். ஆனால் தாங்கும் வலு குறையும். இன்னொரு தேர் பக்கவாட்டில் இடித்தால் சட்டம் நொறுங்கும், கடையாணி தெறித்தால் சக்கரம் கழன்று ஓடும். இலகுவான தேருக்கு நேர்ந்த விலை இது.

நான்கு குதிரை, இரண்டு வேலை

இரண்டு குதிரைத் தேர், மூன்று குதிரைத் தேர், அரிதாகப் பத்துக் குதிரைத் தேர்கூட ஓடியதுண்டு. முதன்மையானது நான்கு குதிரைத் தேர்தான். நான்கும் அருகருகே ஓடும். நடு இரண்டு மட்டுமே நுகத்தில் பூட்டியவை. கோடியில் உள்ள இரண்டும் நுகம் இல்லாமல், இழுவார்களால் மட்டும் தேரோடு இணைக்கப்பட்டவை. ஆகவே நடுக் குதிரைகள் தேரை இழுக்க, கோடிக் குதிரைகள் இழுப்பதோடு திருப்பத்தையும் தீர்மானிக்கும்.

இடக்கோடிக் குதிரைக்குத்தான் மதிப்பு அதிகம். கூம்பை ஒட்டித் திரும்புவது அது. நான்கு குதிரைகளின் அகலம் ஏறத்தாழ 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஓர் அரைவட்டத் திருப்பத்தில் இடக்கோடிக் குதிரையைவிட வலக்கோடிக் குதிரை சுமார் 9 மீட்டர் அதிகம் ஓடவேண்டும். ஒன்று ஏறக்குறைய நின்ற இடத்தில் சுழல, மற்றது பாய்ந்து வரவேண்டும். இடக்குதிரை மிரண்டு ஓர் அடி முன்னால் போனாலும் நான்கும் கூம்பில் போய் மோதும். வெற்றிக் கல்வெட்டுகளில் பெயர் சொல்லிப் பாராட்டப்பட்டது பெரும்பாலும் இந்த இடக்கோடிக் குதிரையே. அதைப் பழக்கப் பல ஆண்டுகள் ஆகும். குதிரைகளைப் பொதுவாக 5 வயதுக்குமுன் பந்தயத்தில் இறக்கமாட்டார்கள். ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, சிசிலி, கப்படோசியா ஆகிய இடங்களின் பண்ணைகளிலிருந்து அவை வந்தன.

இடுப்பில் கட்டிய வார்

இந்த விளையாட்டில் ஆளைக் கொன்ற ஏற்பாடு எது என்று ஒன்றை மட்டும் சுட்டச் சொன்னால் இதைத்தான் சுட்டவேண்டும். ரோமானியச் சாரதி கடிவாள வார்களைத் தன் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வான். கிரேக்கச் சாரதிகள் கையில் பிடித்தே ஓட்டினார்கள். கிரேக்கத்தின் டெல்ஃபியில் கிடைத்த புகழ்பெற்ற வெண்கலச் சாரதியின் கையில் வார்த்துண்டுகள் இன்னும் இருக்கின்றன. எனவே வேறு வழியில்லாமல் செய்தது என்று சொல்ல முடியாது. தெரிந்தே எடுத்த முடிவு.

இதில் என்ன ஆதாயம்? உடம்பின் முழு எடையும் கடிவாளத்துக்குக் கிடைக்கிறது. பின்னால் சாய்ந்தால் வேகம் குறையும், இடப்புறம் சாய்ந்தால் குதிரைகள் இடப்புறம் திரும்பும். இதே சாய்வுதான் தேர் கவிழாமலும் காக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே அசைவில் இரண்டு காரியம். வலக்கையில் சாட்டை; இடக்கை வார்களைத் தனித்தனியே சரிசெய்யும்.

தேரிலிருந்து விழுந்தால் கதை மாறுகிறது. வார் அவனைவிட்டுப் போகாது. நான்கு குதிரைகளும் அவனை மணலில் இழுத்துக்கொண்டு ஓடும். இதற்காகவே ஒவ்வொரு சாரதியும் உடம்பைச் சுற்றிய தோல்பட்டைகளில் ஒரு வளைந்த கத்தியைச் செருகி வைத்திருந்தான். விழுந்த கணமே அதை உருவி வாரை அறுக்கவேண்டும்.

அறுப்பது ஏன் கடினம்? இழுபடும் ஆள் முகம்கீழாகவோ மல்லாந்தோ கிடக்கலாம். கத்தி உடம்புக்கு அடியில் மாட்டியிருக்கலாம். வார் ஒன்றல்ல, பல. சிலதை மட்டும் அறுத்தால் மிச்சமுள்ளவை இழுத்துக்கொண்டே போகும். எல்லாவற்றையும் அறுத்துவிட்டாலும், பின்னால் வரும் தேர்களின் பாதையில்தான் கிடப்பான். தோலாலான தலைக்கவசம், நெஞ்சையும் விலாவையும் சுற்றிய தோல்பட்டைகள், காலில் சுற்றிய துணி: பாதுகாப்பு இவ்வளவே. இவை சிராய்ப்பைக் குறைக்கும். குளம்படிக்கு எதிராக ஒன்றும் செய்யாது.

ஓட்டம், படிப்படியாக

களத்தின் ஒரு முனையில் 12 கூண்டுகள். எந்தத் தேருக்கு எந்தக் கூண்டு என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவுசெய்தார்கள். கூண்டுகள் நேர்வரிசையில் இல்லாமல் மெல்லிய வளைவில் அமைந்திருந்தன. நடுச்சுவரின் வலப்புறப் பாதைக்குள் நுழைய எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே தூரம் வரவேண்டும் என்பதற்காக. ஒவ்வொரு கூண்டின் கதவும் முறுக்கிய நரம்புக் கயிற்றின் விசையால் தானே திறக்கும்படி இருந்தது. தாழ்களெல்லாம் ஒரே இழுப்பில் விடுபடும்.

கூண்டுகளுக்கு மேல் மாடத்தில் அமர்ந்திருக்கும் அதிகாரி வெள்ளைத் துணியை நழுவவிடுவார். கதவுகள் திறக்கும். முதல் நூற்றுச் சொச்சம் மீட்டருக்கு ஒவ்வொரு தேரும் தன் தன் பாதையிலேயே ஓடவேண்டும். பிறகு ஒரு வெள்ளைக்கோடு. அதைத் தாண்டியதும் பாதை விதி முடிந்தது; 12 தேர்களும் நடுச்சுவரை ஒட்டிய ஒரே இடத்துக்குப் பாயும். முதல் பெரிய மோதல்கள் இங்கேயே நடக்கலாம். 12 தேர் என்றால் 48 குதிரை.

ஏன் எல்லாரும் உள்வரிசைக்கே அடித்துக்கொள்கிறார்கள்? கணக்குப் போட்டுப் பாருங்கள். கூம்பிலிருந்து 10 மீட்டர் கூடுதலாக விலகித் திரும்பினால், ஓர் அரைவட்டத்துக்கு 31 மீட்டர் அதிகம் ஓடவேண்டும். தூரக் கோடியில் 7, கூண்டுப் பக்கக் கோடியில் 6, மொத்தம் 13 திருப்பம் என்பது வழக்கமான கணக்கு. 13 முறையும் 10 மீட்டர் விலகினால் 400 மீட்டருக்கு மேல் இழப்பு. அதாவது பாதிச் சுற்றுக்கும் அதிகம். எந்தக் குதிரையாலும் அதை ஈடுகட்ட முடியாது.

ஆகவே கூம்பை உரசிக்கொண்டு திரும்பவேண்டும். மிக நெருங்கினால் இடச்சக்கரத்தின் குடம் கல்லில் இடிக்கும், அச்சு முறியும். கொஞ்சம் விலகினால் அந்த இடைவெளிக்குள் பின்னால் வருபவன் தலையை நுழைப்பான். வேகத்தைக் குறைக்காமல் திரும்பினால் வெளியே வீசப்படுவாய். அதிகம் குறைத்தால் பின்தேரின் குதிரைகள் உன் முதுகில் ஏறும். இந்த நான்கு தவறுகளுக்கும் நடுவே சாரதிக்குக் கிடைப்பது ஓரிரு முழ இடம்தான்.

5ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சிதோனியஸ் அப்போலினாரிஸ் ஒரு மோதலைத் துல்லியமாக விவரிக்கிறார். எதிரணிச் சாரதி ஒருவன் குறுக்கே வந்து மறிக்கப் பார்க்கிறான். அவனுடைய குதிரைகள் விழுகின்றன. அவற்றின் கால்கள் சுழலும் சக்கரத்துக்குள் புகுந்து, ஆரக்கால்களின் இடைவெளிகளில் நிரம்பி முறிகின்றன. சாரதி தூக்கி எறியப்பட, தேர் அவன்மேல் கவிழ்கிறது. இதிலிருந்து தொடக்கநிலை வாசகர் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம்: தேர் மோதல் என்பது பெரும்பாலும் மரமும் மரமும் இடிப்பதல்ல. குதிரைக்காலும் சக்கரமும் சிக்கிக்கொள்வதே. அதனால்தான் பின்னால் வரும் தேரின் குதிரைகளைத் தன் சக்கரத்தருகே வரவிடுவது இரு தரப்புக்கும் கேடு.

களத்தில் சாரதிகள் மட்டும் இல்லை. குதிரையில் தனியாக வந்து வழிகாட்டிக் கத்தும் அணி ஆட்கள், சாடிகளில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஓடும் குதிரைகள்மேல் வீசும் பையன்கள், உடைந்த மரத்தை அடுத்த சுற்று வருவதற்குள் இழுத்துப்போடும் ஆட்கள் எல்லாரும் அதே மணலில்தான் நின்றார்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் 75 நொடி. அதற்குள் கவிழ்ந்த தேரையும் அடிபட்ட ஆளையும் முழுதாக அகற்றுவது நடக்கிற காரியமல்ல. அடுத்த சுற்றில் அதே இடத்தில் இன்னொரு தேர் மோதுவது இதனால்தான்.

அணிகள்

சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை என நான்கு அணிகள். பேரரசர் டொமிஷியன் ஊதா, பொன்நிறம் என இரண்டைச் சேர்த்துப் பார்த்தார், நிலைக்கவில்லை. ஒரு பந்தயத்துக்கு ஓர் அணியிலிருந்து ஒன்று, இரண்டு, அல்லது மூன்று தேர்கள் வரும். மூன்று தேர் ஓடும் பந்தயத்தில் மூன்றும் வெற்றிக்காக ஓடுவதில்லை. ஒன்று முதன்மைத் தேர். மற்ற இரண்டும் எதிரணித் தேரைச் சுவரோடு நெருக்குவதும், உள்வரிசையைப் பிடித்துவைத்துத் தன் ஆளுக்கு விட்டுக்கொடுப்பதும்தான் வேலை. குறுக்கே மறிப்பது ஆட்டத்தின் ஒரு பகுதி.

ரசிகர்களின் வெறி இதற்குச் சளைத்ததல்ல. இன்றைய துனீசியாவில், பண்டைய ஹத்ருமேட்டத்தில், ஈயத் தகடுகளில் எழுதிப் புதைத்த ஏவல் மந்திரங்கள் கிடைத்துள்ளன. ஒன்று, பச்சை, வெள்ளை அணிக் குதிரைகளை வதைத்துக் கொல்லும்படி ஓர் ஆவியிடம் கேட்கிறது. கிளாரஸ், ஃபெலிக்ஸ், பிரிமுலஸ், ரோமானஸ் என்று சாரதிகளைப் பெயர் சொல்லி, அவர்களை மோதவைத்துக் கொல்லவும் கேட்கிறது. 532இல் கிழக்கு ரோமானியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) நீல, பச்சை அணி ரசிகர்கள் ஒன்றுசேர்ந்து கிளம்பிய கலவரத்தில் சுமார் 30,000 பேர் மடிந்ததாகச் சொல்லப்படுகிறது. பார்வையாளர் வரிசையும் பத்திரமான இடமல்ல. பேரரசர் அன்டோனினஸ் பயஸ் காலத்தில் சர்க்கஸ் மாக்சிமஸின் ஒரு பகுதி இடிந்து 1,112 பேர் இறந்ததாக ஒரு பழைய குறிப்பு உண்டு.

யார் ஓட்டினார்கள், என்ன கிடைத்தது

சாரதிகளில் பெரும்பாலோர் அடிமைகள், அல்லது விடுதலை பெற்ற அடிமைகள். கிரேக்கத்தில் இன்னும் விசித்திரம்: ஒலிம்பிக் தேர்ப் பந்தயத்தில் கிரீடம் ஓட்டியவனுக்கு அல்ல, குதிரைக்குச் சொந்தக்காரருக்கு. ஸ்பார்ட்டா இளவரசி கினிஸ்கா கி.மு. 396இலும் 392இலும் அப்படித்தான் வென்றார், களத்தில் கால் வைக்காமலே. உயிரைக் கொடுத்து ஓட்டியவன் பெயர் அங்கே பெரும்பாலும் நிற்பதில்லை. ரோமில் சாரதியின் பெயர் நின்றது.

கிரெசென்ஸ் என்ற வட ஆப்பிரிக்க மூர் இனத்துச் சாரதி நீல அணிக்கு ஓட்டினார். 686 பந்தயம், 47 வெற்றி, பரிசுத்தொகை 15,58,346 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்). இறந்தபோது வயது 22. அக்காலத்தில் ஒரு படைவீரனின் ஆண்டுச் சம்பளம் சுமார் 1,200 செஸ்டர்ஸ். ஸ்கார்பஸ் 2,048 முறை வென்றார். முப்பதைத் தொடாமலே போனார். கவிஞர் மார்ஷியல் அவருக்கு இரங்கல் எழுதினார்.

தப்பியவர்களில் பெரிய பெயர் கயஸ் அப்புலேயஸ் டையாக்ளிஸ். இன்றைய போர்ச்சுகல், ஸ்பெயின் பகுதியான லுசிட்டானியாவைச் சேர்ந்தவர். 18 வயதில் வெள்ளை அணியில் தொடங்கி, பச்சைக்கு மாறி, பிறகு சிவப்பில் நிலைத்தார். 24 ஆண்டுகள், 4,257 பந்தயங்கள், 1,462 வெற்றிகள், 3,58,63,120 செஸ்டர்ஸ். 42 வயது 7 மாதம் 23 நாளில் ஓய்வு பெற்றார்.

அவர் எப்படிப் பிழைத்தார் என்பதற்கு அவருடைய கல்வெட்டிலேயே ஒரு தடயம் இருக்கிறது. வெற்றிகளை வகை பிரித்து எழுதியிருக்கிறார்கள். 815 வெற்றி தொடக்கத்திலேயே முன்னணிக்குப் போய் அங்கேயே நின்று பெற்றவை. பின்னாலிருந்து படிப்படியாக முன்னேறி வந்தவை வெறும் 67. கடைசி நேரத்தில் பறித்தவை 502. முன்னால் ஓடுபவன் முன் உடைந்த தேர் கிடையாது, புழுதி கிடையாது, வேறொருவன் குதிரைக்கால் கிடையாது. கூட்டத்தின் நடுவே முண்டியடித்து வரும் வழிதான் ஆளைத் தின்னும் வழி. டையாக்ளிஸ் அதைத் தொட்டது மிகக் குறைவு. போட்டியாளர் குறைவாக ஓடிய, அணிக்கு ஒரு தேர் வீதமான பந்தயங்களில்தான் அவருடைய 1,064 வெற்றிகள் வந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

அடிபட்டவர்களுக்கு வைத்தியம்? இளவேனிலில் சேகரித்துக் காயவைத்த காட்டுப்பன்றிச் சாணத்தைத் தேர்ச்சக்கரக் காயங்களுக்குப் பூசினார்கள் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. அதைப் பொடியாக்கித் தண்ணீரில் கலக்கிக் குடிப்பதும் உண்டாம். தானும் ஒரு சாரதி என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்ட நீரோ மன்னன் அதைக் குடித்தானாம்.

படத்தில் எதைத் தேடுவது

பிரான்சின் லியோன் நகர அருங்காட்சியகத்தில் 1806இல் கண்டெடுத்த தரை மொசைக் ஒன்று இருக்கிறது. இணையத்தில் எளிதில் கிடைக்கும். 8 தேர்கள் அதில் ஓடுகின்றன, அணிக்கு இரண்டு. முதலில் கூண்டுகளைப் பாருங்கள். அவற்றின் மேல் அமர்ந்திருக்கும் அதிகாரியைப் பாருங்கள். பிறகு களத்தின் நடுவுக்கு வாருங்கள்: முட்டைகள், டால்ஃபின்கள், முனைகளில் கூம்புகள். இந்த மொசைக்கில் நடுச்சுவருக்குப் பதில் நீர்த்தொட்டிகளே நீள்கின்றன. சாடியோடு நிற்கும் பையன்களைத் தேடுங்கள். கடைசியாக, கவிழ்ந்து கிடக்கும் இரண்டு தேர்கள். அவை கூம்புகளிலிருந்து எவ்வளவு தூரத்தில் கிடக்கின்றன என்பதையும், குதிரைகளின் கால்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் பார்த்தால், அந்தக் கைவினைஞர் பந்தயத்தை நேரில் பார்த்தவரா, வேறு படத்தைப் பார்த்துச் செய்தவரா என்று நீங்களே ஒரு முடிவுக்கு வரலாம்.